வீடு வரைக்கும்

உ

அம்மாப்பேட்டை, சேலம்
2.8.2024

மரியாதைக்குரிய நசீர் அண்ணனுக்கு,

ரேணுகாம்பாள் எழுதுகிறேன். நீங்களும் வஜீதா அண்ணியும் மகள் மெஹ்ஜபீனும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். அங்கன்வாடி வேலைக்கு மறுபடியும் போகிறேன். பிள்ளைகள் போடும் சத்தத்தில் பகல் எப்படியோ ஓடிவிடுகிறது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பீர்கள். இரண்டு தடவை உங்களுக்கு போன் போட்டேன். நீங்கள் 'ஹலோ' என்றதும் வைத்துவிட்டேன். எழுதும்போது அழுதால் யாருக்கும் தெரியாது.

என் தங்கை கீதாஞ்சலி மாடியிலிருந்து விழுந்து இறந்த அன்று நீங்கள் செய்ததை மறக்க மாட்டேன். ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், ஆம்புலன்ஸ் என்று ஓடியது எல்லாம் நீங்கள்தான். அண்ணி தன்னுடைய புதுப் புடவையைக் கொண்டுவந்து அவளுக்குப் போர்த்தினார். எனக்கு டீ டம்ளரை வாயருகே பிடித்துக் குடிக்க வைத்தார். கூடப் பிறந்தவர்களிடம்கூட இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

ஒன்று கேட்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் கடையில் இருந்தீர்களா? துணி காயப்போடும்போது தவறி விழுந்திருக்கலாம், மாடிக் கைப்பிடிச் சுவர் உயரம் குறைவு என்று போலீஸில் சொல்கிறார்கள். கொடியில் ஒரு துணிகூட இல்லை, அண்ணா. நான் மேலே போய்ப் பார்த்தேன்.

அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவீர்களாமே. என்னையும் அப்படியே எழுதுங்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ரேணுகாம்பாள்

*

786

செங்கம் ரோடு, திருவண்ணாமலை
19.8.2024

ரேணுகாம்பாள் அம்மா அவர்களுக்கு நசீர் அகமதுவின் வணக்கம். அல்லாவின் கருணையில் இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. வஜீதாவுக்கு மட்டும் முழங்கால் வலி ஜாஸ்தி. அது எங்கள் வீட்டில் அவளுக்குப் போட்ட நகை என்பாள். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். துக்க வீட்டில் முதலில் கெடுவது வயிறுதான்.

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது சவூதியில் இருந்த தம்பிக்கு. இருபது வருஷம் இருக்கும். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை போன வருஷம் மாசி மாதம் இங்கே வந்தார். வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் சமையல் வேலை. என் கடையில் வாடகைக்கு சைக்கிள் கேட்டார். "எத்தினி நாளைக்கும்மா?" என்றேன். "தெரிலைங்க பாய்" என்றார். அந்தக் குரலைக் கேட்டு வாடகை பேச மனசு வரவில்லை. சிவப்பு லேடீஸ் சைக்கிள் ஒன்று சும்மா நின்றது, எடுத்துப் போகச் சொன்னேன். அதற்குப் பிறகு கடையைத் தாண்டும்போதெல்லாம் ஒரு தடவை மணி அடிப்பார். நான் தலையைத் தூக்காமலே கையைத் தூக்குவேன்.

எங்கள் தெருவில் வாடகைக்கு வருகிறவர்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. சாமியார் வருவார், ரஷ்யாக்காரி வருவாள், வீட்டோடு சண்டை போட்டவர் வருவார். ஒரு பொம்பளை தனியாக இருந்தால் ஏன் என்று கேட்பது மரியாதை இல்லை என்று வஜீதாவை நானே அடக்கி வைத்தேன். கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கூட்டம் நின்றது.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நசீர் அகமது

*

உ

சேலம்
1.9.2024

நசீர் அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. சிவப்பு சைக்கிள் விஷயத்தைப் படித்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அண்ணியின் முழங்காலுக்கு இங்கே ஒரு வைத்தியர் தைலம் கொடுக்கிறார், அடுத்த முறை அனுப்புகிறேன்.

உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதால் சொல்கிறேன். கீதா ஓசூரில் வாழ்ந்தவள். புருஷன் பெயர் மணிவேல், கம்பெனியில் சூப்பர்வைசர். ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். உரத்துப் பேச மாட்டார். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பார். கதவைச் சாத்திய பிறகு செய்வதெல்லாம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒருமுறை அவள் முதுகைப் பார்த்தேன். மறுநாள் அவரே எனக்கு போன் போட்டு, "அண்ணி, சாப்டீங்களா?" என்றார். நானும் சாப்பிட்டேன் என்று பதில் சொன்னேன்.

பாருங்கள், இப்போதும் 'அவர்' என்றுதான் கை எழுதுகிறது.

அவரிடமிருந்து தப்பித்துத்தான் கீதா அங்கே வந்தாள். அவள் இறந்த அன்று முழுக்க ஓசூரைத் தாண்டவில்லை என்கிறார். அவர் போனும் அன்று வீட்டிலேயே இருந்திருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியும், அவர் வந்தார். அந்தச் சந்தும் அந்த மாடியும் வெளியூர்க்காரருக்குத் தானாகத் தெரியாது. யாரோ காட்டியிருக்க வேண்டும். அந்த ஒருவர் வாய் திறந்தால் போதும். தெருவில் விசாரித்துச் சொல்வீர்களா?

மெஹ்ஜபீன் படிப்பு எப்படிப் போகிறது? என் அன்பைச் சொல்லுங்கள்.

ரேணுகாம்பாள்

*

[இந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை. கடையில் பஞ்சர் ஒட்டும் சாமான் வைக்கும் டப்பாவில் மூன்று மாதம் இருந்தது.]

786

திருவண்ணாமலை
8.9.2024

அம்மா,

காட்டியது நான்தான்.

பதினொரு மணி இருக்கும். வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் வந்தார். ஒரு கையில் ஆப்பிள் பை, இன்னொரு கையில் வாழை இலையில் சுற்றிய மல்லிகைப்பூ. "பாய், கீதாஞ்சலின்னு... எங்க வீட்டுக்காரம்மா. சின்ன மனஸ்தாபம். கூட்டிட்டுப் போலாம்னு வந்தேங்க" என்று சொல்லி, பர்ஸிலிருந்து கல்யாண போட்டோவை எடுத்துக் காட்டினார். எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? அந்தப் பொண்ணுக்கு ஒரு விடிவு வந்தது என்று நினைத்தேன். இந்த ஊரில் வழி கேட்டால் கையை மட்டும் நீட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிற வழக்கம் என் வீட்டில் கிடையாது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். வெயிலில் வந்திருக்கிறாரே என்று ஆப்பிள் பையை நான் வாங்கி முன்னால் மாட்டிக்கொண்டேன். வழி முழுக்க என் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டு வந்தார்.

"படி வழுக்கும், பாத்து ஏறுங்க" என்று நான் அவருக்குச் சொன்னேன்.

மேலே கதவு சாத்தியிருந்தது. கீழே நின்று நான்தான் கூப்பிட்டேன். "தங்கச்சி, யார் வந்திருக்காங்க பாரு."

என் குரலைக் கேட்டுத்தான் கதவைத் திறந்தார், அம்மா. வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார். திறந்ததும் உங்கள் தங்கை முகம் மாறியது. நான் அதைக் கூச்சம் என்று நினைத்தேன். புருஷன் பொண்டாட்டி நடுவில் நிற்பது அழகில்லை என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பன்னிரண்டேகாலுக்கு அந்த ஆள் நடந்து வந்தார். "அவ ரெண்டு நாள்ல வரேன்னுட்டா, பாய். ரொம்ப நன்றிங்க" என்றார். சட்டை கசங்கவில்லை. கிருஷ்ணகிரி பஸ் வந்தது. அது அங்கே நிற்காது. நான் நடுரோட்டில் போய்க் கையைக் காட்டி நிறுத்தி ஏற்றிவிட்டேன். பிறகு தொழுகைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் அந்த வீட்டுக்குப் பின்பக்கம் கூட்டம். போலீஸ்காரர், "யாராச்சும் வந்தாங்களா?" என்று என்னைத்தான் முதலில் கேட்டார். "பாக்கலைங்க சார்" என்றது என் வாய். வஜீதா அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்திருந்தாள். அவள் எதிரில் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. அந்த ஆள் போன பிறகு தவறி விழுந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்கள் கடிதம் வரும்வரை அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உங்களைத் தங்கச்சி என்று எழுதச் சொன்னீர்கள். அந்த வார்த்தை இப்போது என் வாயில் வருவதில்லை.

*

786

திருவண்ணாமலை
20.9.2024

ரேணுகாம்பாள் அம்மா அவர்களுக்கு,

நலம். அங்கும் நலம் இருக்க துவா செய்கிறேன். தெருவில் விசாரித்தேன். அந்த வீட்டின் சொந்தக்காரர் பரசுராமன் அன்று வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் போயிருந்தார். மற்றவர்கள் யாரும் பார்க்கவில்லை என்கிறார்கள். மெஹ்ஜபீன் நன்றாகப் படிக்கிறாள்.

நசீர் அகமது

*

உ

சேலம்
10.10.2024

நசீர் அண்ணனுக்கு,

உங்கள் சிறிய கடிதம் வந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அண்ணிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடு பண்ணித் தேய்க்கச் சொல்லுங்கள், கால் ஈரத்தில் படக் கூடாது.

இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். நல்ல மாதிரிதான் பேசினார். "பாத்தவங்க ஒருத்தர் வேணும்மா. இல்லன்னா விபத்துன்னுதான் முடிக்க வேண்டியிருக்கும்" என்றார். மணிவேலுக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கிறார்களாம். அந்தப் பெண்ணின் வீட்டாருக்கும் அவர் எழுந்து நின்று வணக்கம் சொல்லியிருப்பார். அவளுக்கு வயது இருபத்து நாலாம், அண்ணா.

இப்போது ஒரே கனவு அடிக்கடி வருகிறது. ஒரு ஆள் முன்னால் போகிறார், பின்னால் மணிவேல். முன்னால் போகிறவருக்கு முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருக்கிறது. அவர் திரும்பி, "படி வழுக்கும், பாத்து ஏறுங்க" என்று மரியாதையாகச் சொல்கிறார். எழுந்து உட்கார்ந்து அந்த ஆளைச் சபிக்கிறேன். அவன் குடும்பம் விளங்காது என்கிறேன். அப்புறம் பயமாக இருக்கிறது, தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறேன்.

உங்கள் தெருவில் இன்னும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். உங்களை விட்டால் எனக்கு அங்கே யாரும் இல்லை.

ரேணுகாம்பாள்

*

உ

சேலம்
5.12.2024

நசீர் அண்ணனுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. தீபத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வருமே, கடையில் வேலை அதிகமாக இருக்கும் என்று என்னையே சமாதானம் செய்துகொள்கிறேன். தைலம் வந்து சேர்ந்ததா என்று மட்டுமாவது ஒரு வரி எழுதுங்கள். ஜனவரியோடு ஃபைலை மூடிவிடுவார்களாம்.

எல்லோரும் சுகம்தானே?

ரேணுகாம்பாள்

*

786

திருவண்ணாமலை
18.12.2024

ரேணுகாம்பாள் அம்மா அவர்களுக்கு,

தைலம் வந்தது. வஜீதா தினமும் தேய்க்கிறாள். அந்த வாசனை வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

செப்டம்பரில் எழுதிய ஒரு கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படியுங்கள். பிறகு இதைப் படிக்க மனசு இருந்தால் படியுங்கள்.

உங்கள் கனவில் வந்தவர் சொன்னது நான் சொன்ன வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை. அதைப் படித்த அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்தால் நான் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். சிரிப்பீர்கள். எனக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டிய விஷயம்தான்.

ஜூலையிலிருந்து யார் வழி கேட்டாலும் எனக்குத் தெரியாது என்கிறேன். இந்த ரோட்டில் முப்பது வருஷம் கடை வைத்திருப்பவன் ஆசிரமம் எங்கே என்று தெரியாது என்றால் பைத்தியம் என்று நினைத்துப் போகிறார்கள். தீபத்துக்கு முந்தின நாள் கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். பெயர் பச்சையம்மாள். பேத்தி கையை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டாள். போலீஸ் பூத் எங்கே என்று கேட்டார். ஐம்பது அடியில் இருந்தது. "தெரியாதும்மா" என்றேன். அந்த அம்மா கும்பிட்டுவிட்டு எதிர்த் திசையில் ஓடினார். வஜீதா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே ஓடிப்போய் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். பேத்தி கிடைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, "உங்களுக்கு என்னாச்சுங்க?" என்றாள். சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. "அந்தப் பொண்ணு தல என் மடிலதான இருந்துச்சு. அப்பவே எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். ஐந்து நாளாக அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வருகிறது.

இன்று காலை ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். போட்டோ காட்டினார்கள், அடையாளம் சொன்னேன். பஸ் நேரமும் சொன்னேன். அந்த வண்டி கண்டக்டரை விசாரிப்பார்கள். அந்த இடத்தில் நிற்காத பஸ்ஸை ஒரு பாய் ரோட்டில் நின்று மறித்தது அவருக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

என்னைச் சபித்தது சரிதான். மகளை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்கிறேன். வேறு எதுவும் கேட்க எனக்கு வாய் இல்லை.

நசீர் அகமது

*

786

திருவண்ணாமலை
30.1.2025

ரேணுகாம்பாள் அம்மா அவர்களுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. விஷயம் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கண்டக்டர் அடையாளம் சொல்லிவிட்டார். போன செவ்வாய்க்கிழமை மணிவேலைப் பிடித்துவிட்டார்கள். வேலூர் ஜெயிலில் என்னை வரிசைக்கு முன்னால் நிறுத்தி அடையாளம் காட்டச் சொன்னார்கள். பத்துப் பேர் நின்றார்கள். கையை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா, பாய்?" என்றார். அம்மா, என் வாய் "ம்" என்று சொல்லிவிட்டது. மூன்று நாளாக அந்த 'ம்'மைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரசுராமன் எப்போதும் போல வணக்கம் வைக்கிறார். பால்காரர் எப்போதும் போலச் சிரிக்கிறார். திட்டினால்கூடத் தேவலை. இவ்வளவு மரியாதையைத் தாங்க முடியவில்லை.

அந்த மாடியில் இப்போது ஒரு இத்தாலிக்காரம்மா குடியிருக்கிறார். சிவப்பு சைக்கிளை யாருக்கும் கொடுக்கவில்லை. மத்தியானத்தில் சில நாள் மணிச் சத்தம் கேட்கிறது. கையைத் தூக்கிவிட்டு அப்புறம்தான் பார்க்கிறேன். சைக்கிள் சுவரோரமாக நிற்கிறது.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நசீர் அகமது

*

உ

சேலம்
20.2.2025

நசீர் அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. எனக்கு இன்று அதைக் கேட்கும் யோக்கியதை இல்லை. நான் தாமதித்தது உங்கள் மேல் இருந்த கோபத்தால் அல்ல. கோபம் என்றால் அன்றே எழுதியிருப்பேன்.

காட்டியது நீங்கள்தான் என்று எனக்கு முதலிலேயே தெரியும். உங்கள் வீட்டில் டீ குடிக்கும்போதே தெரியும். கடையில் இருந்தீர்களா என்று முதல் கடிதத்தில் கேட்டது பதில் தெரிந்துகொண்டே கேட்டதுதான். உங்கள் பெயரைச் சொல்லி போலீஸில் கை காட்டியிருக்கலாம். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நீங்களாக முன்வந்து சொல்லிவிட்டால் என் பெயர் வெளியே வராது என்று காத்திருந்தேன். கெஞ்சினேன், கனவைச் சொன்னேன், சபித்தேன். தைலம் அனுப்பியதும் அதற்காகத்தான். அண்ணியின் கால் வலிக்காகவும்தான். இரண்டையும் எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கனவு பொய் இல்லை. ஆனால் அந்த முகமில்லாத ஆள் உடுத்தியிருந்தது புடவை. அதை மட்டும் எழுதாமல் விட்டேன்.

போன ஜூலை ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மணிவேல் என் வீட்டுக்கு வந்தார். ஆப்பிள் வாங்கி வந்தார். தரையில் உட்கார்ந்தார், நாற்காலி வேண்டாம் என்றார். நான் சோறு போட்டேன். வீட்டு மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றால் சோறு போடாமல் எப்படி அனுப்புவது? ரசத்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாம் தடவை வாங்கினார். கை கழுவிவிட்டு, "அண்ணி, நான் திருந்திட்டேன். அவ எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. பாத்து மன்னிப்பு கேட்டுட்டு வந்துடறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. அவள் முதுகை நான் பார்த்திருக்கிறேன், அண்ணா. பார்த்தும், நம் இலையில் சாப்பிட்டுவிட்டுக் கும்பிட்டு நிற்கிற ஆளிடம் முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்று சொல்ல என்னால் முடியவில்லை.

போன வாரம் அங்கே வந்து ஸ்டேஷனில் இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். பஸ் உங்கள் கடையைத் தாண்டித்தான் போயிற்று. சைக்கிள் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தீர்கள். இறங்கத் தைரியம் வரவில்லை.

இத்தனை மாதமும் நீங்கள் சுமந்தது முழுக்க உங்களுடையது இல்லை. கீதாஞ்சலி ஜூன் மாதம் எனக்கு போன் செய்தாள். என்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது என்றாள். வேலை இருக்கிறது, அப்புறம் வருகிறேன் என்றேன். அப்போது அவள் சொன்னாள்: "அட்ரஸ்லாம் வேணாக்கா. ஆசிரமத்துப் பக்கம் எறங்கி நசீர் பாய் சைக்கிள் கடைன்னு கேளு. ரொம்ப நல்லவரு. அவரே வீடு வரைக்கும் கூட்டியாந்து விடுவாரு."

எனக்காகச் சொன்ன வழி அது. ஒரு வார்த்தைகூட மாற்றாமல் நான் அதை மணிவேலிடம் சொன்னேன்.

தங்கச்சி,
ரேணுகாம்பாள்